டைல்ஸ் பணம் இப்போது வேண்டாம்

குன்னூர்,
தை 5

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய டைல்ஸ் படங்கள் மூன்றையும் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மர டிசைன்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம், இரண்டே நாள் வேலை, பணம் நான் தருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி நடந்துகொள்கிறாள். போனில் மறுத்துப் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். பணம் இப்போது அனுப்பாதே.

ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் நிற்கிற இடத்தில் துரு வட்டம் விழுகிறது என்று சொன்னேன் அல்லவா. போன வாரம் டிரம்மை நகர்த்திவிட்டு, ஒரு ரூபாய்க் காசால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். சிலது 'டக்' என்றது. சிலது வெறும் பானையைத் தட்டின மாதிரி. பானைச் சத்தம் வந்த ஒன்றை உளி வைத்து நெம்பினேன். சிரமமே இல்லை, அப்பளம் மாதிரி வந்துவிட்டது. பின்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை கலவை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இடையில் எல்லாம் வெற்றிடம், அதில் ஈரம் தேங்கி நிற்கிறது. உருண்டைகளைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருந்தது. ஈரச் சாக்கு நாற்றம். அதற்கடியில் உன் பாட்டி பளபளவென்று வைத்திருந்த சிவப்பு சிமெண்ட் தரை. நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது.

பைப் எங்காவது ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். காலையில் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட் இரண்டு வெட்டி, ஒன்றை ஹாலிலும் ஒன்றை ஸ்டோர் ரூமிலும் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். ஸ்டோர் ரூம் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்திருந்தது. அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம். ஹாலில் அடிப்பக்கம் காய்ந்திருந்தது, மேல்பக்கம்தான் நசநசவென்று இருந்தது. ஹாலில் ஏறுவது ஒன்றுமில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்று ஜில்லென்ற தரையில் பட்டுத் தண்ணீராகிறது. மழை நாளில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதை அம்மாவிடம் சொன்னேன். 'அப்போ துணியை உங்க தலையில காயப்போடட்டுமா' என்றாள். கொடியைப் பின் வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறேன்.

ஸ்டோர் ரூம்தான் உண்மையான தலைவலி. அது மேட்டுப்பக்கம் இருக்கிறது. 2009 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். மாவட்டம் முழுக்க மண் சரிந்தது, மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டுக் கிடந்தது. நம் வீட்டுக்குப் பின்னாலும் கரை கொஞ்சம் சரிந்ததே, அந்த மண்ணை அள்ளிக் கொட்டக் கூலி ஆகும் என்று அங்கேயே பரப்பி, மேரக்காய்ப் பந்தல் போட்டேன். நன்றாகத்தான் காய்த்தது. ஆனால் அன்றைக்கே வெளி மண் வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டது. இது அந்தக் காலத்து வீடு. கருங்கல் அஸ்திவாரம், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. இப்போது கட்டுகிற வீட்டில் ஈரம் ஏறாமல் அஸ்திவாரத்துக்கு மேலே ஒரு தடுப்புப் போடுகிறார்களே, அதெல்லாம் இதில் கிடையாது. மண்ணில் நிற்கிற ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்துக்கொள்ளும்.

சிவப்புத் தரை இருந்தபோதும் ஓதம் இருந்தது. ஆனால் ஏறின ஈரம் அதே தரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து போனது. விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டு அந்த வழியை அடைத்தோம். ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரில் ஏறியது. சுவருக்கு நான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு டப்பா டப்பாவாக வாட்டர் புரூஃப் அடித்தேன். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வந்தது. இப்போது நீ சொல்கிறபடி மேலே இன்னொரு அடுக்கு ஒட்டினால் அது எங்கே போகும் என்று நீயே யோசி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைல்ஸ் போட்ட மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று நீ இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாய். அவரைத் திட்டாதே. 2014-இல் உன் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவரை வரச் சொன்னேன். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, 'மொதல்ல இந்த மண்ணை எடுத்துடலாம்ங்க, ஒரு கோடை காயட்டும், அப்புறம் டைல்ஸ் போடலாம்' என்றார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். ஐந்து உருண்டை வைத்து ஒட்டினது அவர் தப்புதான். ஆனால் பன்னிரண்டு நாளில் ஆறு அறை முடிக்கச் சொன்னால் வேறு எப்படி ஒட்டுவார்? இதை அம்மாவிடமும் இதுவரை சொல்லவில்லை. நீ சொல்லிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது பனிக்காலம், மழை இல்லை. மாசி, பங்குனிக்குள் தோண்டுகிற வேலையை முடித்தாக வேண்டும். முதலில் பந்தல் மண் முழுவதையும் எடுத்து, வெளி மட்டத்தைத் தரைக்கு ஒரு முழம் கீழே இறக்குவது. பிறகு சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு கால்வாய். அடியில் ஓட்டை போட்ட பிவிசி பைப், நூறு அடிக்கு ஓரடி சரிவு, சுற்றிலும் ஜல்லி, மண் புகுந்து அடைக்காமல் இருக்க வடிகட்டித் துணி. தண்ணீர் ரோட்டோரச் சாக்கடைக்குப் போய்விடும். ஆழம் அஸ்திவாரத்தின் அடியைத் தொடக் கூடாது, ஒரேயடியாக முழு நீளத்துக்கும் தோண்டவும் கூடாது. பத்தடி தோண்டி, நிரப்பிவிட்டு, அடுத்த பத்தடி. நம் ஊர் மேட்டை நம்ப முடியாது.

ஸ்டோர் ரூம் டைல்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையைத் திறந்தே போடப்போகிறேன். சுவர் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரிவிட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அடுத்த ஐப்பசி மழையில் ஷீட்டை மறுபடி ஒட்டிப் பார்ப்பேன். அடிப்பக்கம் காய்ந்திருந்தால்தான் அடுத்த பேச்சு. அப்போதும் பழைய தரையை வெட்டி எடுத்து, கனமான பாலித்தீன் விரித்து, கான்கிரீட் போட்டு, அது காய்ந்த பிறகுதான் மேல் வேலை. ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். நம் குளிருக்கு இன்னும் ஆகும்.

சித்திரையில் குழந்தை தவழ்கிற வயதில் இருப்பான், அதுதான் உன் கவலை, எனக்குத் தெரியும். ஹாலும் முன்னறையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்டோர் ரூம் கதவைப் பூட்டிவிடலாம். பாய், ரப்பர் ஷீட் எதுவும் வாங்கிக்கொண்டு வராதே, அடியில் பூசணம் பிடிக்கும். பணம் அனுப்பியே தீருவேன் என்றால் ஜல்லிக்கும் கூலிக்கும் அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

இதுவரை எடுத்த டைல்ஸில் உடையாதது பதினொன்று. துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பதிக்கச் சொல்லி அம்மா கேட்கிறாள். சரி என்றிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா