காலில் குத்தினால் வயிற்றுக்கு எப்படித் தெரியும்?

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூக்கு உன்னைப் போல இல்லை என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்கும் நிம்மதி. இங்கே மழை இல்லை, முட்டி வலி இருக்கிறது, மற்றபடி சுகம்.

வயிற்று உப்புசத்துக்கு அக்குபங்சர் போகலாமா, காலில் குத்தினால் வயிற்றுக்கு எப்படித் தெரியும், எல்லாம் மனப்பிராந்திதானே என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா? பதில் தாமதமானதற்குக் காரணமே இதைப் படித்துக்கொண்டிருந்ததுதான்.

முதலில் என் கதை. போன வருஷம் முட்டிக்காக ஓர் அக்குபங்சர்காரரிடம் போனேன். உட்கார வைத்தே குத்தினார். மூன்றாவது ஊசி இறங்கியதும் காதில் இரைச்சல், உடம்பெல்லாம் வேர்வை, அப்புறம் கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன். "நச்சு வெளியேறுகிறது" என்றார் அவர். நச்சாவது மண்ணாவது! ஊசிக்கு மிரண்டதில், மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைத்துவிட்டது, ரத்தக் குழாய்கள் தளர்ந்தன, பி.பி. விழுந்தது, கூடவே நானும் விழுந்தேன். ஆக, நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானே ஓடுகிற தன்னியக்க நரம்பு மண்டலத்தை ஊசி அசைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

உன் உப்புசத்துக்குப் பொருத்தமான ஆள் ஜேம்ஸ் ரெஸ்டன், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர். 1971 ஜூலையில் சீனத் தலைநகர் பீகிங் (இப்போது பெய்ஜிங்) போன இடத்தில் குடல்வால் அறுவை சிகிச்சை ஆனது. ஊசியாலேயே மரத்துப்போக வைத்து அறுத்தார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள், அது தப்பு, வழக்கமான மருந்துதான். அறுவைக்குப் பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் வலது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் குத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் அடங்கியதாக அவரே எழுதினார். அறுவைக்குப் பிறகான உப்புசம் தானாகவும் அடங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து நான் நம்பமாட்டேன்.

நம்ப வைத்தது எலிகள். ஜப்பானில் அகியோ சாத்தோ என்ற உடலியங்கியல் ஆய்வாளர் எலிகளை மயக்கத்தில் வைத்து வயிற்றுப் பகுதியில் குத்தினார், இரைப்பையின் அசைவு குறைந்தது. பின்னங்காலில் குத்தினார், அசைவு கூடியது. மயங்கிக் கிடக்கிற எலிக்கு என்ன மனப்பிராந்தி? வயிற்றுத் தோலிலிருந்து போகிற சேதி தண்டுவடத்திலேயே திரும்பி, உடம்பை உஷார்ப்படுத்துகிற பரிவு நரம்பு வழியாக இரைப்பையை அடக்குகிறது. காலிலிருந்து போவது மூளை வரை ஏறி, உடம்பை அமைதிப்படுத்துகிற எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் வழியாக இறங்குகிறது. சில மனு தாலுகா ஆபீஸிலேயே முடியும், சிலது கலெக்டர் வரை போய்த் திரும்புமே, அந்த மாதிரி. கழுத்தருகே தண்டுவடத்தை வெட்டினால் கால் வழி அறுந்துபோகும், வயிற்று வழி அப்படியே இருக்கும்.

இன்னொன்று 2021-இல் வந்தது, ஹார்வர்டில் சியூஃபு மா குழுவினர் சுண்டெலியில் செய்தது. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், சீனர்கள் ஸூசான்லி என்கிற இடம். அங்கே ஊசி வழியாக மெல்லிய மின்சாரம் கொடுத்தால் வேகஸ் விழித்து, சிறுநீரகத்தின் மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி வேலை செய்து, அழற்சி, அதாவது நோய்க்கு எதிராக உடம்பில் கிளம்புகிற வீக்கமும் சூடும், குறைகிறது. அதற்கான ஒரு வகை உணர்வு நரம்பணுக்கள் காலின் ஆழத் திசுக்களில் நிறைய இருக்கின்றன, வயிற்றுப் பகுதியில் இல்லை. அவற்றை அழித்துவிட்டால் அந்தப் பலனும் போய்விடுகிறது. இதே குழு முந்தைய வருஷம் கண்டது இன்னும் முக்கியம்: வயிற்றில் பலமாகக் கொடுத்த மின்தூண்டல், அழற்சி வருவதற்கு முன்னால் என்றால் காப்பாற்றியது, வந்த பிறகு என்றால் நிலைமையை மோசமாக்கியது. "பக்கவிளைவே கிடையாது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

எலிக்குச் சரி, மனுஷனுக்கு? அங்கேதான் சுருதி இறங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு அமெரிக்காவில் 192 பேரிடம் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். உண்மையான ஊசிக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் குத்திய போலி ஊசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கே குத்தினாலும் உடம்பு ஏதோ பதில் சொல்லிவிடுகிறது போல. அறுவைக்குப் பிந்தைய குமட்டலுக்கு மட்டும், மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே இருக்கிற புள்ளிக்கு, ஆதாரம் பரவாயில்லை.

அதனால் உப்புசத்துக்கு முதலில் டாக்டரிடம் வயிற்றைக் காட்டு, அப்புறம் ஆசை இருந்தால் போய் வா. புது ஊசி பிரிக்கிறாரா பார், படுத்துக்கொண்டே குத்திக்கொள், நெஞ்சுப் பக்கம் ஆழமாக விடாதே, நுரையீரலில் ஓட்டை விழுந்தவர்கள் உண்டு. பி.பி. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு. பேத்திக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு வருகிறேன், உன் மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்ப்பேன்.

உன்,
ராமு