முதல் மணி நேரமும் டிஸ்சார்ஜ் நாளும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி மூச்சிரைப்பு முற்றி அட்மிட் ஆனால், பில்லை ஏற்றுவது மருந்து அல்ல, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரோடு கிடக்கும் நாட்கள். அவற்றில் பல தவிர்க்கக்கூடியவை. எங்கே கோட்டை விடுகிறோம் என்று வார்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறோம்.

முதல் தவறு ஆக்சிஜனில். மூச்சு வாங்குகிறதே என்று மாஸ்க்கில் 10, 15 லிட்டர் திறந்துவிடுகிறார்கள். ஆக்ஸிமீட்டர் 99 காட்டுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. இந்த நோயாளிகளில் பலருக்கு அப்போதுதான் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. “இரைப்பு அடங்கி இப்பதான் கண் அசந்தார்” என்பார்கள் கூட இருப்பவர்கள். அது தூக்கமல்ல, மயக்கத்தின் முதல் படி, அடுத்தது மூச்சுக்குழாயில் டியூப். ஆக்ஸிமீட்டரில் வேண்டியது 88 முதல் 92 வரைதான். ஆக்சிஜனை அளவாகக் கலந்து தரும் 24 அல்லது 28 சதவீத வென்சுரி மாஸ்க் போதும். 2010-ல் வெளியான டாஸ்மேனியா ஆய்வில், ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனை அளந்து கொடுத்ததில் இறப்பு பாதிக்கும் கீழே போனது. நம் 108 வண்டிகளுக்கும் அந்த மாஸ்க் வேண்டும். நெபுலைசரையும் ஆக்சிஜன் குழாயில் மாட்டாமல் காற்று மெஷினில் ஓட்ட வேண்டும். வேறு வழியில்லை என்றால் 6 நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது பைபாப், அதாவது டியூப் போடாமல் மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று தரும் மெஷின். ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்தத்தின் வாயுப் பரிசோதனை) ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35-க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 45-க்கு மேலே என்றால் அதை மாட்டக் காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் மறுபடி ஏ.பி.ஜி. எடுக்க வேண்டும். மெஷின் இருந்தும் தோற்பது பெரும்பாலும் மாஸ்க்கால்தான்: ஒரே சைஸ் வாங்கி வைத்திருப்பார்கள், பல் இல்லாத ஒட்டிய கன்னத்தில் காற்று கசியும். டெண்டரில் மூன்று சைஸ் கேளுங்கள். காப்பீட்டு அனுமதிக்கு அந்த ஏ.பி.ஜி. தாளைக் கட்டாயமாக்குங்கள். ஆனால் அனுமதி வரும்வரை மாஸ்க் காத்திருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன் 40 மி.கி., 5 நாள். 10 மி.கி. மாத்திரையாக இரண்டு அட்டை. 14 நாள் கொடுத்தாலும் கூடுதல் பயனில்லை என்று 2013-லேயே சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டிவிட்டது. சர்க்கரைதான் ஏறும், அதற்காக இன்னும் இரண்டு நாள் படுக்கை. ஆன்டிபயாடிக், சளி நிறம் மாறிக் கெட்டியானவர்களுக்குப் போதும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அடுத்த அட்மிஷனுக்கு விதை விழுகிறது. ரோட்டாகேப்பை (கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டிய மருந்துத் தூள் கேப்சூல்) மாத்திரை என்று தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஹேலர் பம்ப் வாங்கியவர் குலுக்காமல், மூச்சை வெளியே விடாமல் அடிக்கிறார்; மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. மெதுவாக இழுத்து, 10 வினாடி அடக்கி, ஒரு நிமிடம் விட்டு அடுத்த பஃப். பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் கூடான ஸ்பேசர் ஸ்டாக் இல்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்தும்படி துளை போட்டால் அதுவே ஸ்பேசர். நோயாளி தன் கையால் செய்து காட்டியபின் செவிலியர் கையெழுத்துப் போடாமல் டிஸ்சார்ஜ் சம்மரி முடியக் கூடாது, காப்பீட்டுத் தொகையும் விடுவிக்கப்படக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. டிஸ்சார்ஜ் ஆனவரின் இன்ஹேலரும் அந்தப் பையில் மாதம் தவறாமல் போகட்டும். வருடாந்திர ஃப்ளூ ஊசியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய் வார்டு மருத்துவர்கள், செவிலியர்கள்