வசைச் சொல் இல்லாத வெறுப்பு

அன்புள்ள நடராஜன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதிலும், மகள் வெறுப்புப் பேச்சைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டாள் என்பதிலும் மிக்க மகிழ்ச்சி. வசைச் சொற்களைத் தொகுத்து எண்ணுவதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அத்தோடு நின்றுவிட்டால் நீங்கள் கேட்பது நியாயமே.

ருவாண்டாவை எடுத்துக்கொள்வோம். 1992 நவம்பர் 22 அன்று, கபாயா என்ற ஊரில் ஆளுங்கட்சிக் கூட்டத்தில் லியோன் முகெசேரா பேசினார். கனடாவில் முனைவர் பட்டம் பெற்ற கல்வியாளர் அவர். உங்கள் வீடு எத்தியோப்பியாவில் இருக்கிறது, விரைவாகப் போய்ச்சேர நியாபரோங்கோ ஆற்றின் வழியே அனுப்பிவைக்கிறோம் என்ற பொருள்பட அன்று அவர் சொன்ன இடத்தில் வசைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டிருந்த பெரும்பான்மை ஹூட்டு மக்களுக்கோ, அது நாட்டின் சிறுபான்மையினரான துட்சிகளைப் பற்றியது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1994இல் நடந்த துட்சி இனப்படுகொலையின்போது அந்த ஆற்றில் மிதந்த உடல்கள் விக்டோரியா ஏரி வரை போயின.

எத்தியோப்பியா அங்கே எப்படி வந்தது என்று தேடிப்போனால்தான் வேர் தென்படுகிறது. கால்நடை வளர்த்த ஆளுங்குடியினர் எத்தியோப்பியப் பக்கத்திலிருந்து வந்த மேலான இனத்தவர் என்று 1863இல் எழுதியவர் ஆங்கிலேயப் பயணி ஜான் ஹேனிங் ஸ்பீக். துட்சிகளை உயர்த்திவைக்கப் பயன்பட்ட இந்த ஊகத்தைப் பெல்ஜிய ஆட்சி நிர்வாகமாகவே மாற்றி, 1930களில் அடையாள அட்டையில் இனத்தையும் பதித்தது. 1959இல் துட்சி ஆதிக்கத்துக்கு எதிராக ஹூட்டுகள் கிளர்ந்தெழுந்த பின் அதே கதை தலைகீழானது. மேலோர் என்பதற்கு மாறாக அந்நியர், வந்தேறிகள் என்று வாசிக்கப்பட்டது. புகழ்ச்சியாகத் தொடங்கிய ஒரு கருத்து ஏறத்தாழ 130 ஆண்டுகளில் கொலைக்கு நியாயமானதை ஆய்வாளர்கள் ஆவணம் ஆவணமாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். துட்சிகளுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பிய ஆர்டிஎல்எம் வானொலியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர் என்பது வரலாறு படித்த நம் இருவருக்கும் உறைக்க வேண்டிய செய்தி. ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்கத் தான்சானியாவின் அருஷாவில் இருந்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 30 ஆண்டாகக் குறைந்தது.

பேச்சுதான் கையை ஓங்க வைத்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அரசியல் அறிஞர் ஸ்காட் ஸ்ட்ராஸ் ருவாண்டாச் சிறைகளுக்குள் சென்று, படுகொலைக்காகத் தண்டனை பெற்ற இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் பேசினார். அவர்களுள் பெரும்பாலோர் வானொலியை விட, போர் அச்சத்தையும் அண்டை அயலாரும் உள்ளூர்த் தலைவர்களும் நேரில் வந்து தந்த நெருக்குதலையுமே காரணமாகச் சொன்னார்கள். பொருளியல் அறிஞர் டேவிட் யனகிசவா-டிராட் வேறு வழியில் போனார். ருவாண்டா குன்றுகளின் நாடு. ஒரு கிராமத்தில் வானொலி அலை தெளிவாகக் கிடைக்கும், குன்றுக்கு மறுபுறம் கிடைக்காது. இந்த வேறுபாட்டை இனப்படுகொலை வழக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டு, வன்முறையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு அந்த வானொலி காரணம் என்று 2014இல் வெளியான ஆய்வில் கணித்தார். இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. வானொலி கேட்ட சிலர், கேட்காத பலரை வீடு வீடாகச் சென்று இழுத்துவந்திருக்கலாம் அல்லவா?

மகள் இதை ஒப்புவாளா என்று கேட்டு எழுதுங்கள். சொல்லகராதியோடு தொடங்காமல், முகெசேராவின் முழு உரையையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். மே மாதம் திருச்சி வரும்போது அவளோடு விரிவாகப் பேசுகிறேன்.

அன்புடன்,
இராமலிங்கம்