பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலை இந்த முறையாவது உள்ளபடி நடத்தித் தரக் கோரி மனு

அனுப்புநர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்கள்,
கண்மாய்க்கரைத் தெரு, காலனித் தெரு, செங்கல் சூளைப் பகுதி.
(கையெழுத்துத் தாள் தனியே இணைத்திருக்கிறோம்)

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

பொருள்: பள்ளி மேலாண்மைக் குழு – 2024இல் தேர்தல் நடத்தாமலேயே நடத்தியதாகப் பதிந்தது – மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாதது – வரப்போகும் மறுகட்டமைப்பை முறைப்படி நடத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்த மனு. 2. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு (ரசீது நகல் இணைப்பு). 3. உதவி எண்ணில் சொன்ன புகார். மூன்றுக்கும் பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி எங்கே இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில் டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே, ஒன்று முதல் எட்டு வரை. ஆண்டு ஆய்வுக்கு வந்தபோது புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் புதுக் கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்தீர்கள், காலை உணவையும் ருசி பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எங்களுக்குக் குறை இல்லை. கட்டடத்துக்குப் பின்பக்கம் மட்டும் யாரும் தங்களைக் கூட்டிப் போகவில்லை. அந்தப் பின்பக்கம் பற்றித்தான் இந்த மனு. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தாங்கள் அறியாதது இல்லை. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, எல்லாம் இந்தக் குழுவின் வேலை. 2024 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் 24 பேர் கொண்ட குழுக்களாக இதைத் திருத்தி அமைத்தார்கள். எங்கள் பள்ளியிலும் அமைத்ததாகத்தான் கணக்கு. அந்தக் குழுவுக்கு இரண்டு வருடக் காலம் முடிகிறது, அடுத்ததை அமைத்தாக வேண்டும். அதற்குள் கீழே உள்ளவற்றைத் தயவுசெய்து படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. அறிவிப்பு. 2024இல் குழுவை அமைத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார்கள். எங்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான்.

2. நேரம். காலை பத்து மணி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றையச் சம்பளம். சூளைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், மில் வேன் ஆறரைக்கு. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரக்கூடியவர்கள் ஊரில் யார் யார் என்று தங்களுக்கே தெரியும், எங்கள் ஊரைத் தெரிந்தவர் தாங்கள். அப்படிப்பட்டவர்கள்தான் வந்தார்கள். அவர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

3. நடந்த விதம். ஒரு பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தது. அதை வாசித்தார்கள், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா" என்று கேட்டார்கள், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், செயலியில் ஏற்றினார்கள், காபி கொடுத்தார்கள். யார் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. காலனித் தெருவிலிருந்து ஒரே ஒரு பெயர், அதுவும் பிள்ளை எட்டாவது முடித்துப் போய்விட்ட ஒருவரின் பெயர். இதைவிடப் பெரிய கூத்து வருகைப் பதிவேடு. அன்றைக்குக் களை எடுக்கப் போயிருந்தவர்களுக்கெல்லாம் அதில் கையெழுத்து இருக்கிறது. எங்களோடு வேலை செய்கிற ஒரு அக்கா கைநாட்டு வைப்பவர், அவர் பெயருக்கு எதிரே முத்து முத்தாக ஒரு கையெழுத்து! அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார், எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் ஐயா, இதற்கு விசாரணைக் குழு எல்லாம் வேண்டாம், ஒரு அரை மணி நேரம் போதும்.

4. தலைவர். பெண்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள், நல்ல விதி. எங்கள் குழுவிலும் தலைவர் ஒரு பெண்தான், காகிதத்தில். கூட்டத்துக்கு வருவது அவருடைய கணவர். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் அவர்தான், அது வேறு இது வேறு என்று சொன்னால் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார். அந்தப் பெண் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. நேரில் கேட்டபோது, பேங்க் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவேன், வேறு ஒன்றும் தெரியாது என்றார். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்ததாகத் தீர்மானங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தீர்மானங்களை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

5. இப்போது பின்பக்கம். மாணவிகள் கழிப்பறைக்குப் போகிற தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்க் கிடக்கிறது. போன வருடம் காப்பரீட்சைக்கு முன்னால் எரிந்தது, அதன் பிறகு மேலே இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியும் காய்ந்து வெடித்துவிட்டது. மோட்டாரைக் காயில் கட்டி மாட்ட வேண்டும், ஒரு தொட்டி வாங்க வேண்டும், ஒரு வால்வு. இவ்வளவுதான் வேலை. டவுனில் விசாரித்தோம், எங்கள் பள்ளிக்கு வருடா வருடம் வருகிற மானியத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. நூறுக்கு மேல் இருநூற்றைம்பதுக்குள் பிள்ளைகள் இருந்தால் 50,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்கென்றே செலவு செய்ய வேண்டும் என்று விதி. அந்தப் பணத்தில் பெஞ்சுக்கு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெஞ்சு நன்றாகத்தான் இருந்தது.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை ஐயா. வீட்டில் இருந்து நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் தாகம் எடுக்கவில்லை என்கிறார்கள், பங்குனி சித்திரை வெயிலில். இந்த மனுவை எழுதுகிற என் மகள் ஏழாவது படிக்கிறாள், நீர்க்கடுப்பு என்று இரண்டு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன், அங்கே இருக்கிற அம்மா "தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார். சில பிள்ளைகள் மதிய இடைவேளையில் ரோட்டைக் கடந்து வீட்டுக்கு ஓடுகிறார்கள், மணல் லாரி போகிற ரோடு அது, தங்களுக்குத் தெரியும். போன பிள்ளைகளில் எத்தனை பேர் பிற்பகல் வகுப்புக்குத் திரும்பி வருகிறார்கள் என்று வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள், அவர் நல்லவர், உண்மையைச் சொல்வார். மாதவிலக்கு நாட்களில் வருவதே இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெண் பிள்ளைக்கு மாதா மாதம் மூன்று நாள் விழுவதைப் பார்த்தால் ஒருவருக்குமா புரியாது? ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, பூட்டுப் போட்டது, அதற்கு ஆயா குடத்தில் தண்ணீர் தூக்கி வைக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் எத்தனை குடம்தான் தூக்குவார்.

பள்ளியில் கேட்டால் போர்வெல் ஊராட்சியினுடையது என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் கழிப்பறை பள்ளியினுடையது என்கிறார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்றுதானே மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு இடம் வைத்தார்கள்? அப்புறம் அந்த வழியும் போய்விட்டது, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சி உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். அவரை எங்கே போய்ப் பிடிப்பது? வார்டு மெம்பர் இருந்தால் வாசலில் போய் நின்று சண்டையாவது போடலாம். எங்கள் ஊரில் மக்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்க இன்றைக்கு மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட இந்தப் பள்ளிக் குழு ஒன்றுதான். அதையும் முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலுக்குக் கொடுத்துவிட்டால் நாங்கள் யாரிடம்தான் கேட்பது?

6. இதையெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சொன்னபோது வாய்மொழியாக வந்த ஒரே பதில்: "மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்புங்க." ஐயா, குழு கூடுவதில்லை என்பதுதான் புகார்! குழு கூடவில்லை என்ற புகாரைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்கி அனுப்ப வேண்டுமாம். சட்டத்தின் 32ஆவது பிரிவில் பிள்ளைகளின் உரிமை பற்றிய புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டது. விசாரிக்க யாராவது வந்தார்களா என்றால், வந்தார்கள், போட்டோ எடுக்க.

7. இந்த மனு எழுதுகிறோம் என்று தெரிந்ததும், "நீங்க தலைவராகத்தான் இவ்வளவும்" என்று ஊரில் பேச்சு. சரி, நிற்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிற்பது குற்றமா? தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம். இப்போதைய தலைவரின் கணவருக்கு வேண்டியவர்களே ஜெயித்து வரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஊர்க்காரர்கள் கண் முன்னால் ஜெயிக்கட்டும்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வரப்போகும் தேர்தல் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். ஒரு வாரத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளை கையிலும் அச்சடித்த தாளாகத் தகவல் கொடுத்துவிடுங்கள், மாரியம்மன் கோயில் மைக்கிலும் சொல்லச் சொல்லுங்கள், காலனித் தெருவிலும் சூளையிலும் ஆட்டோ வைத்து ஒரு தடவை சொன்னால் இன்னும் நல்லது. நிற்க விரும்புகிறவர்கள் பெயரை அங்கேயே கரும்பலகையில் எழுதட்டும். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இருந்தால் சீட்டு எழுதிப் போடச் சொல்லி எல்லார் முன்னாலும் எண்ணட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கூட இருந்து உதவ, எங்கள் வட்டாரத்தைச் சேராத ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரைப் பார்வையாளராக அனுப்புங்கள். இது ரொம்ப முக்கியம், இதே வட்டாரத்தில் இருந்து வந்தால் பட்டியலும் கூடவே வந்துவிடும். முடிந்ததும் 24 பேரின் பெயரைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். மாதக் கூட்டத்துத் தீர்மானங்களையும் வரவு செலவையும் அதே சுவரில் ஒட்டினால், இப்படி மனு எழுதிக்கொண்டு நாங்கள் தங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டோம்.

மோட்டாரை மட்டும் தேர்தல் வரைக்கும் காக்க வைக்க வேண்டாம் ஐயா. அதை இந்த வாரமே ஓட வைக்கத் தங்களால் முடியும், ஒரு போன் போதும். குழுவைச் சரி செய்யுங்கள் என்று கேட்பது அடுத்த மோட்டார் எரியும்போது தங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காகத்தான்.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்: தேர்தலை நடத்தித் தாருங்கள். பட்டியல் வாசித்துக் கை தட்டுவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மனுவுக்காவது பதில் எழுத்தில் தாருங்கள், முடியாது என்றால் முடியாது என்றே எழுதித் தாருங்கள், அதை வைத்துக்கொண்டு அடுத்த படி ஏறிக்கொள்கிறோம். நேரில் வருவதாக இருந்தால் முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் மதிய இடைவேளையில் வாருங்கள், முன்வாசலில் இறங்காமல் கண்மாய்ப் பக்கமாக வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்

இணைப்பு: கையெழுத்தும் கைநாட்டும் கொண்ட தாள்கள் (இவை அவரவரே வைத்தவை), முந்தைய மனு ரசீது நகல், கழிப்பறை மற்றும் மோட்டாரின் போட்டோக்கள்.

நகல்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஊராட்சித் தனி அலுவலர் அவர்களுக்கும்.