ஒரு தந்தையின் சம்மதம், இரு தாய்களின் மறுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டன் பள்ளிகள் தாமாகவே மனம் மாறிப் பிரம்பைக் கைவிட்டதாகச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை.

1860இல் ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், படிப்பு ஏறவில்லை என்று ரெஜினால்ட் கேன்சலர் என்ற 15 வயது மாணவனைக் கைத்தடியாலும் கயிற்றாலும் இரவில் நெடுநேரம் அடித்தார். காலையில் பையன் பிணமாகக் கிடந்தான். காயம் வெளியே தெரியாதிருக்க நீளக் காலுறையும் கையுறையும் மாட்டப்பட்டிருந்தன. அடிக்கப்போவதாக ஹாப்லி முன்பே கடிதம் எழுதித் தந்தையின் சம்மதத்தையும் வாங்கியிருந்தார். இதைப் படித்ததும் எனக்கு உடல் நடுங்கியது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி என்னிடம் பிள்ளையை விட்டுப்போன பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரிடமும் 'மாட்டேன்' என்று நான் சொன்னதில்லை.

ஹாப்லிக்கு 4 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. ஆனால் பெற்றோரும், அவர்கள் சார்பில் ஆசிரியரும், 'மிதமாக, நியாயமாக' அடிக்கலாம் என்று அதே வழக்கில் நீதிபதி காக்பர்ன் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைகளின் நிழலில் பிரம்பு இன்னும் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது.

ஸ்காட்லாந்தில் பிரம்புக்குப் பதில் 'டாஸ்' என்ற தோல்வார். நுனி கிழித்துவிடப்பட்டிருக்கும், உள்ளங்கையில் விழும். 1976இல் ஜேன் கோசன்ஸ் என்பவரின் மகனை, இடுகாட்டுக்குள் குறுக்குவழியில் போக முயன்றதற்காகக் கையை நீட்டச் சொன்னார்கள். மறுத்தான். பள்ளி அவனை வெளியே நிறுத்தியது. கிரேஸ் கேம்ப்பெல் என்ற இன்னொரு தாய், தன் மகனை அடிக்கமாட்டோம் என்று உறுதி கேட்டார், பள்ளியை நடத்திய வட்டார நிர்வாகம் தரவில்லை. இருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். பிள்ளையை அடிக்கக்கூடாது என்ற பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்கவேண்டும் என்று 1982இல் தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகும் 1986 ஜூலையில் பிரிட்டன் மக்களவையில், பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்ய ஆதரவாக 231, எதிராக 230. ஒரே ஒரு வாக்கு! அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் 1987 ஆகஸ்டில்தான் அடி நின்றது. தனியார் பள்ளிகளில் இங்கிலாந்து 1999 வரையும், வட அயர்லாந்து 2003 வரையும் இழுத்தடித்தன.

வீட்டில் அடிப்பதை ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்துப் பெற்றோருக்கோ 'நியாயமான தண்டனை' என்ற சட்டப் பாதுகாப்பு இன்றும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.