விடையோடு காரணத்தையும் அச்சிடுங்கள்

போட்டித் தேர்வுகளுக்கு மாதிரி வினாத்தாள்களும் பயிற்சி நூல்களும் வெளியிடும் பதிப்பகத்தாருக்கும் பயிற்சி மையத்தாருக்கும்,

வணக்கம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியின் கதை உங்களுக்கு நன்றாகவே தெரியும். 100 வினா, 150 மதிப்பெண். அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற 100 வினாக்களை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் திருத்தவே மாட்டார்கள். அதனால்தான் உங்கள் தாள்களை வாங்கிப் பிழை திருத்தம் பழகுகிறோம்.

உங்களில் ஒருவர் வெளியிட்ட தாளைச் சென்ற வாரம் நண்பர்களோடு எழுதிப் பார்த்தேன். சந்திப்பிழை, அதாவது இரண்டு சொல் சேரும் இடத்தில் வரும் எழுத்துப்பிழை, இல்லாத தொடரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா. 'அழியாத புகழ் பெற்றார்' என்பது ஒரு விடை, 'அழியாதப் புகழ் பெற்றார்' என்பது இன்னொன்று. விடைக்குறிப்பு இரண்டாவதைச் சரி என்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. 'அழியாப் புகழ்' என்று ஈறு கெட்டு, அதாவது கடைசி 'த' இல்லாமல், நின்றால்தான் அங்கே வல்லினம் ('ப்') மிகும். 'அழியாத' என்று முழுதாக நின்றால், 'வந்த பையன்' போலவே மிகாது.

இது தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். புதிதாகப் படிக்க வருகிறவர் விடைக்குறிப்பைத்தான் நம்புவார். எங்களோடு படிக்கும் தங்கை ஒருத்தி, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரியில் படிக்க உட்காருபவள், அப்படித்தான் நம்பினாள். எதிர்மறை வந்தால் வல்லினம் மிகும் என்று நோட்டில் விதியாகவே எழுதிவைத்து, 'ஓடாதக் குதிரை', 'கேட்காதச் செவி' என்று பக்கம் நிறைய எழுதிப் பழகியிருக்கிறாள். அதே வெளியீட்டின் அடுத்த தாளிலோ 'சொல்லாத சொல்' சரி என்று இருக்கிறது. தப்பு உங்களுடையது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்குத் தமிழே வராது போலிருக்கிறது என்றாள். அதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு விடைக்கும் கீழே காரணத்தைப் போடுங்கள். ஒரு வரி போதும்.

திறனறிவுப் பகுதியிலும் இதே கூத்துதான். 2, 4, 8, அடுத்து என்ன என்று கேட்டுவிட்டு, 14, 16 இரண்டையும் விடைகளில் வைத்திருக்கிறீர்கள். இரட்டித்துக்கொண்டே போனால் 16. வித்தியாசம் 2, 4, 6 என்று கூடினால் 14. இரண்டும் முறையான வழிதான். தொடரில் இன்னோர் எண்ணைக் கொடுத்திருந்தால் குழப்பமே இல்லை. தயாரித்தவர் ஒரு தடவை தானே போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

அட்டையில் ஆண்டை மாற்றித் 'திருத்திய பதிப்பு' என்று போடுகிறீர்கள். உள்ளே பழைய பிழை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து இன்னொரு மையம் நகலெடுக்கிறது. அப்புறம் பத்து இடத்தில் இருப்பதாலேயே அது விதியாகிவிடுகிறது. வாங்குகிறவர்களில் பலர் இன்னும் சம்பாதிக்கவே தொடங்காதவர்கள், ஐயா. அவர்கள் காசுக்கும் நேரத்துக்கும் இதுதானா மரியாதை?

டிஎன்பிஎஸ்சியே தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு தெரிவிக்க அவகாசம் தருகிறது. நீங்கள் அப்படிச் செய்ய என்ன தடை?

சரி, உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். விடையோடு காரணத்தையும் அச்சிடுங்கள். அந்த விதி எந்த வகுப்புப் பாடநூலில் இருக்கிறது என்றும் சேர்த்தால் ரொம்ப உதவியாக இருக்கும். காரணம் எழுத உட்கார்ந்தாலே பாதிப் பிழை உங்கள் கண்ணில் பட்டுவிடும். 'அழியாதப் புகழ்' என்பதற்கு யாராலும் காரணம் எழுத முடியாது. ஏற்கெனவே வந்த தாள்களுக்குத் திருத்தப் பட்டியல் ஒன்றை அடுத்த தாளுக்கு முன்பே வெளியிடுங்கள். பழைய தாளை வாங்கி எழுதி முடித்தவர்கள் கைக்கும் அது போய்ச் சேரும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவன்