ஜெர்மனியில் அரியர் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் இறுதியாண்டு முடிவுகள் வரும் பருவத்தில் 'ஜெர்மனியில் இலவச உயர்கல்வி' என்ற விளம்பரங்கள் நம்மூரில் பெருகிவிடுகின்றன. அதை நம்பிக் கடன் வாங்கிப் பிள்ளைகளை அனுப்பத் தயாராகும் பெற்றோருக்காகவே இந்தக் கடிதம். அங்கே நல்ல கல்வி கிடைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகளே பாதியில் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம், யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராத சில விதிகள்தான்.

முதலில் பணம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை; பருவத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும் உண்டு. பல இடங்களில் உள்ளூர், வட்டார ரயில்களுக்கான பயணச்சீட்டும் அதிலேயே அடங்கிவிடும். விதிவிலக்குகளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் ஆகியவை இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கே வேறு, அங்கே மொத்தக் கட்டணம் பல்லாயிரம் யூரோ. ஏஜென்ட் 'உடனே சீட் உறுதி' என்றால், அது அரசுப் பல்கலைக்கழகமா தனியாரா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். கமிஷன் கிடைப்பது தனியாரிடம்தான்.

கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவைக் காட்டியே ஆக வேண்டும். 'ப்ளாக்டு அக்கவுண்ட்' என்று மாணவர்கள் சொல்லும் முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். அது மாணவருடைய பணம்தான், மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்ப வரும். ஆனால் அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கி, அந்த எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் தவணை வரும். இதற்கு இரண்டு மூன்று வாரம் சாதாரணமாக ஆகிவிடும். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் விழுவது இதே வாரங்களில்தான். கையில் தனியாக இரண்டாயிரம் யூரோவாவது இல்லாமல் அனுப்பக் கூடாது.

விண்ணப்பத்தில் பலரும் தவறுவது கால வரிசையில். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே அதைக் கேட்கின்றன. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்றாலும், ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் பல அதற்கு நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும். ஆகவே முந்தைய ஆண்டு தீபாவளிக்குள் ஏ.பி.எஸ். வேலையைத் தொடங்குவதே பாதுகாப்பு. இறுதி மதிப்பெண் பட்டியலுக்காகக் காத்திருந்தால் ஓராண்டு போய்விடும்.

மதிப்பெண் மாற்றத்தையும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8 எடுத்தவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும், எல்லை 4 என்றால் 2.0. இந்தச் சின்ன வித்தியாசத்தில் சேர்க்கை கைநழுவலாம் என்பதால், தேர்ச்சி எல்லை மதிப்பெண் பட்டியலிலோ கல்லூரிக் கடிதத்திலோ தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சேர்க்கைக் கடிதத்தையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். 'இந்த இளநிலைப் பாடங்களை முதல் ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்' என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். நம் பாடத்திட்டத்தில் குறைவாக இருந்த கணிதம், இயந்திரவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் போன்றவற்றை இப்படிச் சேர்ப்பார்கள். இவை பட்டத்தில் கணக்காகாது. ஆனால் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். முதல் பருவத்தில் ஐந்து பாடம் என்று நினைத்துப் போகிறவர் உண்மையில் ஏழு பாடம் எழுத வேண்டியிருக்கும்.

போய் இறங்கியதும் எல்லாமே முகவரியில் தொடங்குகிறது. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண் வராது. குடியிருப்பு அனுமதிக்கும் அந்தப் பதிவுச் சான்றுதான் முதல் தேவை. 'தங்கிக்கொள், ஆனால் பதிவு செய்ய முடியாது' என்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறை, அந்த வாடகையைவிட மிக அதிகமான செலவில் கொண்டுபோய் விடும். தபால் பெட்டியில் மாணவரின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வரும். பெயர் இல்லாத பெட்டியில் போடாமல் அவை திரும்பிப் போய்விடும்.

அரசு மாணவர் விடுதிகள்தான் மலிவு. ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம், சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே பதிந்துவைக்க அனுமதிக்கும் ஊர்களும் உண்டு. தனியார் அறை தேடும்போது ஏமாற்றுக்காரர்கள் சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒன்றேதான்: வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். நேரிலோ நம்பகமான ஒருவர் மூலமோ அறையைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒப்படைப்புத் தாளில் குறித்துக்கொண்டால்தான் அந்தப் பணம் முழுதாகத் திரும்பும். அதில் பிடித்தம் செய்யப்படுவதற்கு ஒரு பெரிய காரணம் பூஞ்சை. குளிர்காலத்தில் ஜன்னலை மூடிவைத்துச் சோறு வடிப்பது, சாம்பார் கொதிக்கவைப்பது, துணியை அறைக்குள் உலர்த்துவது என்று ஈரம் சுவரில் படிகிறது. தினமும் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டால் போதும். நாள் முழுக்க லேசாகத் திறந்துவைப்பதால் ஈரம் போகாது. சுவர் குளிர்ந்து சூடேற்றும் செலவுதான் ஏறும்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம், மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். தனியார் காப்பீடு மலிவாகத் தெரிவதால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்கிறவர்கள், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப மாற முடியாது. இதைக் கையெழுத்துப் போடும் முன் யாராவது சொல்ல வேண்டும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத எங்களைத் தூண்டிய விஷயம்: தேர்வு.

நம் கல்லூரிகளில் ஒரு பாடத்தில் தவறினால் அரியர். அடுத்த பருவத்தில் எழுதலாம், அதற்கடுத்த பருவத்திலும் எழுதலாம், படிப்புக் காலம் முடிந்த பிறகும் எழுத வாய்ப்பு உண்டு. இன்டெர்னல் மதிப்பெண் கைகொடுக்கும். இந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்குப் போகிறவர் முதல் தேர்வை 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று எழுதுகிறார். அங்கேதான் சரிவு ஆரம்பிக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். சில இடங்களில் இரண்டே. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தவறினால் 'இறுதித் தோல்வி' என்று பதிவாகும், மாணவர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடர முடியாது. மற்ற எல்லாப் பாடத்திலும் 1.3 வாங்கியிருந்தாலும் இதே முடிவுதான். படிப்புக்காகத் தரப்பட்ட குடியிருப்பு அனுமதியும் அதோடு கேள்விக்குள்ளாகும்.

வாய்ப்புகள் வீணாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்குத் தானாகப் பெயர் போகாது. இணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். அந்தக் கெடு குளிர்காலப் பருவத்தில் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடிந்துவிடும். கெடு தாண்டினால் பேராசிரியரே விரும்பினாலும் எழுத முடியாது. மாறாக, பதிந்துவிட்டு விலகல் நாளுக்குள் பெயரை எடுக்காமல் வராமல் இருந்தால், 5.0 என்று போட்டு ஒரு வாய்ப்பைக் கழித்துவிடுவார்கள். தவறிய பாடத்துக்கு அடுத்த தேர்வில் தானாகவே பெயர் சேர்த்துவிடும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அது தெரியாமல் ஊருக்கு வந்திருக்கும்போதே இரண்டாவது வாய்ப்பு போய்விடுகிறது. உடம்பு சரியில்லை என்றால் மின்னஞ்சல் போதாது. அன்றே மருத்துவரிடம் போய், பல்கலைக்கழகம் கேட்கும் படிவத்திலேயே 'தேர்வு எழுதும் நிலையில் இல்லை' என்று எழுதி வாங்கி, ஓரிரு நாளில் தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

இன்டெர்னல் பெரும்பாலும் இல்லை. பருவம் முழுவதற்கும் 90 அல்லது 120 நிமிடத்தில் ஒரே தேர்வு. வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் பல பாடங்களில் யாரும் கேட்பதில்லை. இந்தச் சுதந்திரத்தைக் கண்டு டிசம்பர் வரை புத்தகத்தைத் திறக்காதவர்கள் பிப்ரவரியில் அதிர்ந்துபோகிறார்கள். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடத்துக்கு 150 மணிக்குக் குறையாது, பருவத்துக்கு 30 கிரெடிட் எதிர்பார்க்கிறார்கள். கேள்விகள் சூத்திரத்தைக் கேட்பதில்லை, புதிய சூழலில் அதைப் பயன்படுத்தச் சொல்கின்றன. அதனால் விரிவுரையைவிடப் பயிற்சி வகுப்புகள்தான் உயிர். பழைய வினாத்தாள்கள் அந்தந்தத் துறையின் மாணவர் சங்கத்திடம் கிடைக்கும். கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முடிவு வந்த பிறகு திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். தவறியவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும். கூட்டலில் விட்டுப்போன மதிப்பெண் அங்கேதான் கிடைக்கும், எந்த இடத்தில் சிந்தனை பிசகியது என்பதும் அங்கேதான் தெரியும்.

இரண்டு வாய்ப்பு போய்விட்டால் மூன்றாவதுக்கு அவசரப்படக் கூடாது. இறுதித் தோல்வி பதிவாகும் முன்புவரை வழிகள் திறந்திருக்கின்றன: அந்தப் பாடம் விருப்பப் பாடமானால் வேறொன்றுக்கு மாறலாம், நெருங்கிய வேறு படிப்புக்கு மாறுவது பற்றி ஆலோசகரிடமும் குடியேற்ற அலுவலகத்திடமும் கேட்கலாம். பதிவான பிறகு இவற்றில் பல மூடிவிடும்.

தேர்வைக் கெடுப்பதில் பகுதிநேர வேலைக்குப் பெரும்பங்கு உண்டு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. கடன் தவணையை முதல் பருவத்திலிருந்தே பிள்ளை கட்டிவிடுவான் என்று குடும்பம் கணக்குப் போட்டால், அவன் இரவில் கிடங்கில் பெட்டி அடுக்குவான், பகலில் தூங்குவான். முதல் பருவத்துக்கு வேலையே இல்லை என்று வைத்துப் பணத்தைத் திட்டமிடுவதுதான் நியாயம். பிறகு பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் நல்லது. அது அந்த நாள் கணக்கில் சேராது, படிப்புக்கும் துணை. சுயதொழில் ஒப்பந்தத்தில் உணவு விநியோகம் செய்வதும், ரசீதில்லாமல் கையில் காசு வாங்குவதும் குடியிருப்பு அனுமதியையே பறித்துவிடக்கூடியவை. நிறுவனங்களில் துறை சார்ந்த வேலைக்கு ஆங்கிலம் மட்டும் போதாது. சென்னையிலேயே மாக்ஸ் முல்லர் பவன் போன்ற இடத்தில் இடைநிலையான பி1 வரை ஜெர்மன் முடித்துப் போகிறவர், அங்கே போய் அரிச்சுவடியான ஏ1 தொடங்குகிறவரைவிட ஓராண்டு முன்னால் நிற்கிறார்.

பொங்கலுக்கோ அக்கா கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும் முன், குடியிருப்பு அனுமதியின் நிலையைப் பார்க்க வேண்டும். அட்டை வராமல் இடைக்காலச் சான்று மட்டும் கையில் இருந்தால், அது மறுநுழைவுக்குச் செல்லுமா என்பதை அலுவலகத்தில் கேட்டுவிட்டே விமானச் சீட்டு எடுக்க வேண்டும். எல்லா வகைச் சான்றும் செல்லாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் நவம்பரில் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா, குளிருகிறதா என்பவற்றோடு இதையும் கேளுங்கள்: எந்தெந்தத் தேர்வுக்குப் பதிந்திருக்கிறாய், விலக வேண்டுமானால் கடைசி நாள் எது, உன் படிப்பின் தேர்வு விதிகளில் ஒரு பாடத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதியிருக்கிறது? பதில் தெரியாவிட்டால் திட்ட வேண்டாம். அந்த வாரமே தேர்வு விதிகளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஜெர்மனியில் முதுநிலை பயிலும் தமிழ் மாணவர்கள் சிலர்,
ஆகன்.